வீட்டை ஒட்டிய ஷெட்டில் இன்ஜின் புகை: எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதுமா?

கும்பகோணம் பக்கத்தில் வீட்டுச் சுவரை ஒட்டித் தகர ஷெட் போட்டு, ஓய்வு நேரத்தில் பைக், பவர் ஸ்பிரேயர், சின்ன ஜெனரேட்டர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறீர்கள், ஓட்டிப் பார்க்கும்போது புகை வீட்டுக்குள் வருகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா படுக்கும் அறை, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஃபேன் வாங்கக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து அதிக தூரமில்லை. உங்களைப் போலவே வீட்டோடு ஒட்டின ஷெட்தான், ஆயில் இன்ஜின், பவர் டில்லர், பைக் எல்லாம் வரும். புகையைப் பற்றிப் பெரிதாக நினைத்ததில்லை, கண் எரிந்தால் வெளியே போய் நிற்பேன், அவ்வளவுதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஷெட்டில் ரிப்பேருக்கு வந்து கிடந்த ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரைச் சரிசெய்து மூன்றாம் நாள் ராத்திரி ஓட்டினேன். வெளியே தூறல் போட்டது. நனையக் கூடாது என்று ஷெட்டுக்குள்ளேயே வைத்து, ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டேன். பாதி திறந்துதானே இருக்கிறது, புகை போய்விடும் என்ற நினைப்பு. ஷெட்டுக்கும் உள் அறைக்கும் நடுச்சுவரில் மேலே ஒரு பழைய ஜாளி உண்டு, அது என் ஞாபகத்திலேயே இல்லை. அந்த அறையில் அத்தை படுத்திருந்தார். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும், "தலை கிர்ருங்குது தம்பி, குமட்டிக்கிட்டு வருது" என்று எழுந்து உட்கார்ந்தார். புயல் தண்ணீரைக் குடித்ததால் வயிறு கெட்டுவிட்டது என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தோம். வாந்தி எடுத்தார், நடக்கச் சொன்னால் கால் பின்னியது. பிறகு பைக்கில் நடுவில் உட்கார வைத்து, விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே கொஞ்சம் தெளிந்தார். வெளிக்காற்று பட்டதுதான் காரணம் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 98 காட்டியது. டாக்டர் அதை நம்பவில்லை, "வீட்டில் ஜெனரேட்டர் ஓடுதா? எங்கே வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அத்தையைக் காப்பாற்றியது. முகமூடி மாட்டி ஆக்சிஜன் கொடுத்தார்கள், விடிவதற்குள் சரியானார்.

நடந்தது என்னவென்றால், இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாம் மூக்கில் உணர்வது எரியாத பெட்ரோலும் மற்ற வாயுக்களும்தான். இந்தக் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இந்த வாயு ஏறிய ரத்தமும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், அதனால்தான் 98 காட்டியது. ஏறிய விஷம் பாதியாகக் குறைய வெறும் காற்றில் 4 முதல் 6 மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகவே வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இல்லாமல் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம் வந்தால், அதிலும் இரண்டு பேருக்குச் சேர்ந்து வந்தால், வெளியே போனதும் தெளிந்தால், ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து 108-ஐக் கூப்பிடுங்கள், வருகிறவர்களிடம் "இன்ஜின் புகை" என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள்.

சரி, ஃபேன் ஏன் போதாது? கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். 10 அடி அகலம், 15 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள ஷெட்டில் சுமார் 42,000 லிட்டர் காற்று இருக்கும். ஒரு 100 சிசி பைக் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 லிட்டர் புகை தள்ளும். 2000-க்குப் பிறகு வந்த பழைய கார்புரேட்டர் பைக்குகளுக்குப் புகைச் சான்றிதழில் அனுமதித்த கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம். அதாவது சான்றிதழ் வாங்கிய நல்ல பைக்கே நிமிடத்துக்கு முக்கால் லிட்டருக்கு மேல் விடலாம். மூடின ஷெட்டில் 10 நிமிடம் ஓட்டினால் பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்கு, அதாவது 200 பிபிஎம் வந்துவிடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு கணம்கூடத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கும் அளவு அது. முழு வேலை நாளுக்கு அவர்கள் சொல்வது 35. ஐடிலிங்கில் நிற்கும் ஒரே ஒரு பைக்குக்கு இந்த 35-ஐக் காப்பாற்ற மணிக்கு 1,500 கன மீட்டர் காற்றை வெளியே தள்ள வேண்டும். அடுப்படியில் மாட்டுகிற 6 இஞ்ச் ஃபேன் 300 தள்ளினாலே பெரிது. மார்கழிப் பனியில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் அதிகம் கலந்து இன்னும் மோசமாகும். புது பைக்கில் வாசனை அவ்வளவாக வராது, ஆனால் புகையைச் சுத்தம் செய்ய அதன் சைலன்சர் குழாயில் இருக்கும் வினையூக்கி சூடேறும் வரைக்கும் வேலை செய்யாது என்பதால் அதையும் நம்பக் கூடாது.

ஜெனரேட்டர் கணக்கு என்னைப் பயமுறுத்தியது. 200 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் சுமார் 200 லிட்டர் புகை, அதில் 5 சதவீதம் என்றாலும் நிமிடத்துக்கு 10 லிட்டர் விஷம். அதே ஷெட்டில் ஐந்தே நிமிடத்தில் 1,200 பிபிஎம், அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று அதே அமெரிக்க நிறுவனம் வைத்திருக்கும் அளவு. அன்றைக்கு ஷட்டரைப் பாதி ஏற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது.

அதனால், புகையை ஷெட் காற்றில் கலக்க விட்டுவிட்டுப் பிறகு விரட்டப் பார்க்கக் கூடாது. சைலன்சர் வாயிலேயே பிடித்துக் குழாய் வழியாக வெளியே கொண்டுபோய் விட வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன். கொல்லுப் பட்டறையில் உலைக்கு ஊதுகிற கரண்ட் புளோயர் ஒன்று பழசாகக் கிடைத்தது. அதன் ஊதும் பக்கத்தை விட்டுவிட்டு, உறிஞ்சும் பக்கத்தில் தகரத்தில் கூம்பு அடித்து 4 இஞ்ச் ஜிஐ பைப்பை இணைத்தேன். புளோயரை ஷெட்டுக்கு வெளியே, கூரை இறவாரத்துக்குக் கீழே மாட்டினேன். இது முக்கியம். உள்ளே மாட்டினால் புளோயருக்குப் பிறகு வரும் குழாயில் எந்த இணைப்பு கசிந்தாலும் புகை ஷெட்டுக்குள்ளேயே பீறிடும். வெளியே மாட்டினால் உள்ளிருக்கும் குழாய் முழுக்க உறிஞ்சும் பக்கம், ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிரப் புகை வெளியே வராது.

சைலன்சர் பக்கம் வளைகிற இரும்பு நெளிவுக் குழாய் போட்டு, நுனியில் புனல் மாதிரி ஒரு வாய் வைத்தேன். அந்த வாயைச் சைலன்சரில் இறுக்கக் கூடாது, சுற்றிலும் விரல் அளவு இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் ஷெட் காற்றும் சேர்ந்து உள்ளே போகும், புகை சூடு தணியும், புளோயர் பேரிங் வேகாது, இன்ஜினையும் மூச்சு முட்ட வைக்காது. பம்புசெட் டெலிவரி ஹோஸ், பிவிசி பைப் இரண்டையும் தொடவே தொடாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் ஹோஸை மாட்டி, அது சைலன்சரிலேயே உருகி ஒட்டி, அந்தப் புகை வேறு தனியாகச் சேர்ந்தது. குழாயை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சரித்து வைத்தால் புகையிலிருக்கும் ஈரம் தண்ணீராகி வடிந்துவிடும், தாழ்ந்த இடத்தில் சின்னத் துளை ஒன்று போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயர் இறக்கையைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும்.

வெளியே எந்தப் பக்கம் விடுவது என்பதில்தான் நான் இரண்டு முறை தப்பு செய்தேன். முதலில் மேற்குச் சுவரில் விட்டேன். ஆனி, ஆடியில் மேல்காற்று அடித்தபோது அத்தனையும் திரும்பி வந்தது. சரி என்று கிழக்கே மாற்றினேன், ஐப்பசி பிறந்ததும் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வந்து அதே கதை. நம் பகுதியில் வருஷத்தில் இரண்டு காற்றும் எதிரெதிராக அடிக்கும், ஆகவே சுவரில் விடுவது எந்தத் திசையாக இருந்தாலும் ஆறு மாதத்துக்குத்தான் ஆகும். கூரை முகட்டுக்கு மேல் மூன்று அடி ஏற்றி, மழை இறங்காமல் தொப்பி போட்டுவிட்டேன், அதோடு பிரச்சினை போனது. உங்கள் மாடி ஜன்னலும் பக்கத்து வீட்டு ஜன்னலும் அந்த நுனிக்கு அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரு வீடுகளில் சுவரோடு சுவர் என்பதால் நம் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் தொட்டிலுக்குப் போய்விடக் கூடாது.

வெளியே போகும் காற்றுக்குச் சமமாக உள்ளே காற்று வர வழி வேண்டும். ஷட்டரை நன்றாக ஏற்றிவிட்டு வேலை செய்யுங்கள், எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னலும் இருந்தால் நல்லது. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஜாளி, கதவு இடுக்கு, ஒயர் போகும் துளை எல்லாவற்றையும் சிமெண்ட் வைத்தோ ரப்பர் பட்டை வைத்தோ அடையுங்கள். இதை முதல் வேலையாகச் செய்யுங்கள், செலவும் குறைவு.

பலர் கவனிக்காத ஒன்று, அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேன். அது வீட்டுக் காற்றை வெளியே தள்ளும்போது, அந்த இடத்தை நிரப்ப எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் காற்றை இழுக்கும். ஷெட் பக்கம் இடுக்கு இருந்தால் இன்ஜின் புகையை அதுவே வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். வீட்டில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் எங்களுக்குப் புகை அதிகம் வந்ததற்கு இதுதான் காரணம், கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். பெட்ரோல் வேலை எதுவும் இல்லாத நேரத்தில், இன்ஜினை ஓட்டாமல், புளோயரையும் அடுப்படி ஃபேனையும் போட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் நின்று நடுக்கதவு இடுக்கில் பத்தியைப் பிடியுங்கள். புகை ஷெட்டை நோக்கி இழுபட்டால் சரி. உங்கள் பக்கமே திரும்பி வந்தால் இன்னும் வேலை பாக்கி. பெட்ரோல் டேங்க் கழற்றும் நாளில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகக் கிடக்கும். ஸ்விட்ச், ஃபேன் மோட்டார் எதையும் தரைக்கு அருகில் வைக்க வேண்டாம் என்று சொல்வதும் அதற்காகத்தான். கார்பன் மோனாக்சைடு அப்படி இல்லை, அறை முழுக்கச் சமமாகப் பரவும், குனிந்து நின்றாலும் நிமிர்ந்து நின்றாலும் தப்பிக்க முடியாது.

இவ்வளவு செய்தாலும் இந்தக் குழாய் பைக்கை ஐடிலிங்கில் ட்யூன் செய்கிற பத்து நிமிடத்துக்குத்தான். பவர் ஸ்பிரேயர் இரண்டு ஸ்ட்ரோக், ஆயில் கலந்த பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே வெளியே வரும், கையில் தூக்குகிற எடைதானே, கொல்லைக்கு எடுத்துப் போய் ஓட்டுங்கள். ஜெனரேட்டரை எந்த ஏற்பாடு இருந்தாலும் ஷெட்டில் ஓட்டாதீர்கள். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை வாய் வீட்டைப் பார்க்காமல், மழைக்கு மேலே மட்டும் ஒரு தகரம், நான்கு பக்கமும் திறப்பு. டீசல் இன்ஜினில் இந்த வாயு குறைவு என்று சிலர் தைரியம் சொல்வார்கள். குறைவுதான், ஆனால் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி அப்பா படுக்கும் அறையில் வையுங்கள். புகை கண்டறியும் அலாரம் வேறு, தூசு அளவு காட்டும் காற்றுத்தர மீட்டர் வேறு, இரண்டும் இதைக் கண்டுகொள்ளாது. கடையில் பெயரைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள், பெட்டியில் ஆயுள் முடியும் வருஷம் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் சென்சார் சில வருஷத்தில் செத்துப்போகும்.

குழாய், புளோயர், தொப்பி எல்லாம் அடித்து மாட்ட உங்களுக்கு ஒரு வாரமாவது ஆகும். அதுவரை ஷெட்டில் எதையும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், தெருவில் தள்ளிக்கொண்டு வந்து ஓட்டுங்கள். அப்பாவின் கட்டிலை இன்றைக்கே முன் ஹாலுக்கு மாற்றிவிடுங்கள்.