எழுத்தில் இருக்கட்டும் நான்கு நாள் வேலை

கேள்வி: டர்பனில் சுங்க கிளியரிங் அலுவலகம் நடத்துகிறேன். ஒன்பது பேர், வாரம் 40 மணி நேரம். ஒருவர் தினமும் பத்து மணி நேரமாக நான்கே நாள் வேலை கேட்கிறார். சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் இன்னொருவர், காவடி விரதம் இருக்கும் பத்து நாளும் பூசை முடித்துத் தாமதமாக வருகிறேன் என்கிறார். சம்மதித்தால் வேலை கெடுமா?

பதில்: கெடாது. வாயால் ‘சரி’ சொல்லி விட்டுவிட்டால்தான் கெடும்.

தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டப்படி, வாரம் ஐந்து நாள் அல்லது குறைவாக வேலை செய்பவருக்கு ஒரு நாளின் சாதாரண வேலை 9 மணி நேரம், வாரத்துக்கு 45. பத்தாவது மணி ஓவர்டைம். ஆனால் எழுத்தில் ஒப்புக்கொண்டால், சாப்பாட்டு இடைவேளையும் சேர்த்து நாளுக்கு 12 மணி நேரம் வரை ஓவர்டைம் இல்லாமல் வேலை வாங்க 11ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்த நான்கு நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. இருவரும் கையெழுத்திடுங்கள். அரசு அறிவிக்கும் வருமான வரம்புக்கு மேல் சம்பாதிப்பவருக்கு இந்த மணிக்கணக்கு பொருந்தாது; அவருக்கும் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்.

காவடிக்காரருக்கு ஓர் எச்சரிக்கை. காலையில் விட்ட நேரத்தை மாலை 6 மணிக்குப் பின் ஈடுகட்டச் சொன்னால் சட்டப்படி அது இரவு வேலை. அதற்குத் தனிப் படியோ நேரக் குறைப்போ தர வேண்டும், வீடு திரும்ப வண்டி வசதியும் இருக்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையை எழுத்து ஒப்புதலுடன் 30 நிமிடமாக்கினால், 9.30க்கு வந்து 6க்குப் போனாலே எட்டு மணி நேரம் நிறைந்துவிடும். விரதம் இருப்பவரை இருட்டும் வரை உட்கார வைக்க வேண்டாம்.

உங்கள் தொழிலில் உண்மையான ஆபத்து வேலையைக் கைமாற்றுவதில்தான். வியாழன் மாலை கிளம்புபவர் ஒவ்வொரு கோப்பின் மேலும் நான்கு வரி எழுதிவைக்கட்டும்: கன்டெய்னர் எண், வராத ஆவணம், யாரிடம் கேட்டிருக்கிறது, துறைமுகத்தில் வாடகையில்லாமல் பெட்டியை வைத்திருக்கும் இலவச நாள் என்றைக்கு முடிகிறது. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் அந்தக் கடைசி வரி விட்டுப்போனது. வெள்ளி முழுக்கப் பெட்டி அங்கேயே கிடந்து வாடகை ஏறியது. வெள்ளிக்கிழமை அவரைத் தொலைபேசியில் அழைக்கவும் கூடாது; அழைத்தால் அது ஐந்தாம் நாள் வேலை.

மேசையில் ஆள் இருக்கிறாரா என்று எண்ணாதீர்கள். கோப்பு நகர்கிறதா என்று பாருங்கள். கண்காணிப்பு மென்பொருளுக்குச் செலவழிப்பது வீண்.

மூன்று மாதம் கழித்து, எதுவும் கேட்காத மற்ற ஏழு பேரிடமும் தனித்தனியே பேசுங்கள். வெள்ளிக்கிழமை யார் தலையில் விடிகிறது என்று அவர்கள்தான் சொல்வார்கள்.