பாடல் பற்றிய இலவசப் பல்கலைக்கழக விரிவுரைகள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஐயா, நான் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) வரைதான் படித்தவன். என்னையும் சேர்ப்பார்களா?

தாராளமாக, தம்பி. சான்றிதழ் கேட்க மாட்டார்கள், கட்டணம் கிடையாது, பட்டமும் கிடைக்காது. இலண்டன் கிரெஷாம் கல்லூரி 1597 முதல் இப்படிப் பொது விரிவுரை நடத்துகிறது. இசைக்கு அன்றே தனிப் பேராசிரியர் இருந்தார்.

நேரலை இலண்டனில் மாலை 6 மணிக்கு. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் எப்படிப் பார்ப்பது?

நமக்கு அது பின்னிரவு 2 மணி. அங்கே கோடைக்கால நேரம் என்றால் 1 மணி. கண் விழிக்க வேண்டாம், பதிவைப் பாருங்கள். தானியங்கி எழுத்து வரிகள் பேச்சுக்கு ஓரளவு உதவும், பாட்டு தொடங்கியதும் சொற்கள் சிதையும். அந்த இடத்தில் எழுத்து வரிகளை அணைத்துவிட்டு மூன்று முறை கேளுங்கள்: முதலில் தாளம், பிறகு மூச்சு வாங்கும் இடம், கடைசியில் குரல் ஏறி இறங்கும் போக்கு.

எங்கள் தோட்டத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் பாட்டை ஆராய்கிறவர்களின் ஆய்வுக்குள் வருமா, அண்ணே?

தாலாட்டு நன்றாகவே வரும், தங்கச்சி. 2018இல் வெளியான சாமுவேல் மேர் குழுவின் ஆய்வில் 86 சமூகங்களின் 118 பாடல்களிலிருந்து 14 விநாடித் துண்டுகளை 60 நாட்டு மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மொழி தெரியாமலே ஆட்டப் பாட்டையும் தாலாட்டையும் இனங்கண்டார்கள். காதல் பாட்டில் தடுமாறினார்கள். ஆனால் அவர்கள் எடுத்த வகைகள் நான்குதான்: ஆட்டம், தாலாட்டு, நோய் தீர்த்தல், காதல். இழவுப் பாட்டுக்கு இடமில்லை. இது பெரிய குறை என்பேன்.

ஒப்பாரிக்கு மானிடவியல் பக்கம் போங்கள். பிரேசில் பழங்குடிகளின் அழுகைப் பாட்டில் கிரெக் அர்பன் 1988இல் நான்கு அடையாளங்கள் காட்டினார்: விம்மலில் உடையும் குரல், ஒலியோடு உள்ளிழுக்கும் மூச்சு, கரகரப்பு, உச்சத்தில் மெலிந்து நீளும் உயிரெழுத்து. இந்த நான்கையும் காதில் வைத்துக்கொண்டு நம் பாட்டிமார் ஒப்பாரியைக் கேளுங்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று குறித்து வந்தால் விரிவுரையாளரிடம் கேட்க உருப்படியான கேள்வி கிடைக்கும்.

கோயில் மண்டபத்திலிருந்து சூமில் பாட்டியைப் பாட வைத்தோம். குரல் விட்டு விட்டுக் கேட்டது. ஏன்?

நீட்டிப் பிடிக்கும் சுரத்தை (கார்வை) இரைச்சல் என்று நினைத்துச் செயலி வெட்டிவிடுகிறது. ஒலி அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போடுங்கள். எதிரொலி நீக்கத்தையும் அணைப்பதானால் பாட்டிக்கு ஹெட்போன் கட்டாயம், இல்லையேல் ஒலிபெருக்கிச் சத்தம் சுற்றி வரும். மின்விசிறியை நிறுத்துங்கள். தனியாக, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் 'வேவ்' கோப்பிலும் பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் மணிக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும், போனில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.