உண்ணிக் காய்ச்சல்: ‘ஒன்றுமில்லை’ என்றால்?

கேள்வி: எங்கட நாய்க்கு உண்ணி கூட. நாலு நாளாகக் காய்ச்சல், முரசும் வெளிறிப் போச்சு. இரத்தம் சோதித்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள். சோதனை பிழையா?
— வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: பிழையென்று சொல்ல ஏலாது. உண்ணி பரப்பும் பபேசியாக் கிருமி சிவப்பணுவுக்குள் ஒளிந்திருக்கும். கால் நாளத்து இரத்தத்தைவிட, காது நுனியில் குத்தி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகப் பூசிப் பார்த்தால் அகப்படும் வாய்ப்புக் கூட. மருந்தூசி போட முன்னர் எடுக்க வேணும். பிறகு தேடிப் பயனில்லை. உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான எர்லிச்சியாவோ பூச்சில் தென்படுவதே அபூர்வம், அதற்குக் கிருமியின் மரபணுவைத் தேடும் பீ.சீ.ஆர். சோதனை நல்லது.

இரத்தம் எடுக்கும் விதத்திலும் கோளாறு வரும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துள்ள ஊதா மூடிக் குழாயைக் கோடுவரை நிரப்பி, எட்டுப் பத்துத் தரம் மெதுவாகக் கவிழ்க்க வேணும். குறைய நிரப்பினால் அந்த மருந்து மிஞ்சி, சிவப்பணு சுருங்கி, இல்லாத சோகையைக் காட்டும். இரத்தம் கட்டிபட்டால், உறைய உதவும் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை பொய்யாகக் குறையும். பேராதனை மிருக வைத்திய ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதென்றால் குழாயைத் துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ் நேரே பட்டால் அணுக்கள் உடையும். காய்ந்த தகட்டை ஐஸில் வைக்கவே வேண்டாம், வியர்த்துக் கெட்டுவிடும்.

மனிதருக்கான ஆய்வுகூட அறிக்கையா? அதிலுள்ள ‘சாதாரண அளவு’ நாய்க்குப் பொருந்தாது. நாயின் பீ.சீ.வி. (இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) ஏறக்குறைய 37–55 சதவீதம். முரசு வெளிறியிருப்பதால் இன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.