டர்னிப் இலை கொழுக்கிறது, கிழங்கு இல்லை: என்ன பசளை போடலாம்?

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் வீட்டு வளவில் டர்னிப் போட்டிருக்கிறீர்கள், இலை செழித்து நிற்கிறது, கிழங்கு சுண்டைக்காய் அளவைத் தாண்டவில்லை, இன்னும் கொஞ்சம் யூரியா போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போட வேண்டாம். கிழங்கு சிறுத்து இலை மட்டும் கொழுத்தால் நைதரசன் கூடிவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். யூரியா மட்டுமில்லை, பச்சைக் கோழி எரு, சீமைக்கிளுவை இலை, நம் வீடுகளில் தினமும் பாத்திக்கு ஊற்றுகிற மீன் கழுவிய தண்ணீர் எல்லாமே நைதரசன்தான். மீன் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுங்கள், அது சந்தோசமாகக் குடிக்கும்.

இன்னொன்று, செடிகள் நெருக்கமாக நிற்கின்றனவா பாருங்கள். நாலு அங்குலத்துக்கு ஒன்று விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். நெருக்கத்தில் எந்தப் பசளையும் கிழங்கைப் பருக்க வைக்காது. பிடுங்கிய இலையை வறை வைக்கலாம், லேசான கைப்பு இருந்தாலும் நன்றாகவே இருக்கும்.

அடுத்த முறைக்கு விதை போடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே, சதுர மீற்றருக்கு ஒரு வாளி நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு கலந்துவிடுங்கள். உக்காத எரு போட்டால் கிழங்கு கிளை பிரிந்து கோணலாகும். விதைக்கும்போது அதே சதுர மீற்றருக்கு டிஎஸ்பி (பொசுபரசுப் பசளை) இரண்டு தேக்கரண்டி, எம்ஓபி (பொட்டாசியப் பசளை) ஒரு தேக்கரண்டி மண்ணோடு கலந்தால் போதும். பொசுபரசும் பொட்டாசியமும்தான் வேருக்கும் கிழங்குக்கும் வேண்டியவை. யூரியா போடத்தான் வேண்டுமென்றால் மூன்றாம் கிழமையில் ஒரு தேக்கரண்டி, அதுவும் தண்டில் படாமல், ஈர மண்ணில்.

ஒரே தடவையில் அள்ளிக் கொட்டாதீர்கள். கடற்கரை மணல் எதையும் பிடித்து வைக்காது. மாரி மழை ஒன்று அடித்தால் போட்ட யூரியா நேரே கிணற்றுக்குத்தான் போகும். அதனால் நான் மார்கழிப் பெருமழை தணிந்த பிறகுதான் விதைக்கச் சொல்வேன். அப்போதுதான் குளிரும் கொஞ்சம் இருக்கும். கச்சான் என்கிற சூடான காற்று வீசும் காலத்தில் டர்னிப்பை மறந்துவிடுங்கள், கிழங்கு நாராகி உறைக்கும். அந்தக் குறையைப் பசளையால் தீர்க்க முடியாது.

அடுப்புச் சாம்பல் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். பொட்டாசியம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் சிப்பி கலந்த மணலில் ஏற்கெனவே காரத்தன்மை கூட, சாம்பல் அதை இன்னும் ஏற்றும். கந்தளாய்ப் பக்கச் செம்மண் என்றால் கொஞ்சம் தூவலாம். காரம் கூடினால் செடிக்குப் போரன் என்ற நுண்சத்து கிடைப்பது குறைந்து, கிழங்கை வெட்டும்போது நடுவில் பழுப்பாக இருக்கும். அப்படிக் கண்டால் போரன் உள்ள போராக்ஸ் வாங்க ஓடாதீர்கள், அளவு சற்றுக் கூடினாலே நஞ்சு. கூட்டெருவைக் கூட்டுங்கள்.

அப்புறம், நீங்கள் டவுன் பக்கம் என்றால் வேலி முக்கியம். தெருவில் திரிகிற நம் ஊர் மான்களுக்கு டர்னிப் இலையும் ஒன்றுதான், கீரையும் ஒன்றுதான்.