விரலில் பலம் குறைந்தால் பிஸ்டலை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: வயது 61. ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். எழும்பூர் பக்கம் ரேஞ்சில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். மணிக்கட்டில் நரம்பு அழுத்தத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டதிலிருந்து வலது கைப்பிடி தளர்ந்துவிட்டது, பெல்லட் குண்டெல்லாம் இடது கீழே போகிறது. இடது கைக்கு மாறுவதா, விட்டுவிடுவதா?
– பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம் சார். ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள், ஆள்காட்டி விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறதா? மரத்துப்போயிருந்தால் பெல்லட் போட்ட பிஸ்டலைத் தொடவே தொடாதீர்கள், டிரிகர் மேல் விரல் இருப்பதே தெரியாத கையில் துப்பாக்கி ஆபத்து. ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது, பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் பிடிபலம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், அதுவும் நினைவிருக்கட்டும்.

உணர்ச்சி சரியாக இருந்து பலம் மட்டும்தான் குறைவு என்றால், விரலைவிடப் பிஸ்டலின் கைப்பிடிக் கட்டை மேல்தான் எனக்குச் சந்தேகம். நரம்பு நெடுநாள் அழுந்திக் கிடந்தால் பெருவிரல் மேட்டுச் சதை வற்றிவிடும், பழைய மரக்கட்டை கையில் தொளதொளவென்று உட்காரும், அது நழுவிவிடுமோ என்று உங்களை அறியாமலே மற்ற மூன்று விரல்களையும் இறுக்குவீர்கள். இறுக்கிய கையில் ஆள்காட்டி விரல் தனியாக வேலை செய்யாது. டிரிகரை இழுக்கும் நேரத்தில் கை மொத்தமும் சேர்ந்து சுருங்க, வலது கைக்காரருக்கு பெல்லட் இடது கீழே இறங்கும். வேண்டுமானால் வெறுங்கையில் பாருங்கள்: இடது கையால் வலது முன்கையைத் தொட்டுக்கொண்டு ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கினால் சதை லேசாக அசையும், மற்ற விரல்களை இறுக்கிக்கொண்டு அதையே செய்தால் முன்கை முழுக்கக் கல்லாகும்.

அதனால் கட்டையைச் சரிசெய்யுங்கள். இடைவெளி இருக்கிற இடத்தில் எம்-சீல் மாதிரி புட்டி வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டு, வழக்கம்போல் பிடித்து அழுத்துங்கள், காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்கலாம். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் தட்டைக் கொஞ்சம் ஏற்றினாலும் பாரம் விரலிலிருந்து இறங்கும். மணிக்கட்டுக்கு மட்டும் முட்டுக் கொடுக்காதீர்கள், போட்டியில் அந்தக் கையில் பட்டை, வாட்ச் எதுவும் கூடாது. அப்புறம் நம்ம ஊர் வியர்வை. கை ஈரமானாலே பிடி தானாக இறுகும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் துண்டில் துடையுங்கள்.

டிரிகர் விஷயம். ஏர் பிஸ்டலில் டிரிகரை இழுக்க ஆகும் பாரம் போட்டி விதிப்படி குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும், அதற்குக் கீழே இறங்க முடியாது. ஆனால் அந்த 500-ஐ இரண்டு கட்டமாகப் பிரிக்கலாம், முதல் கட்டத்திலேயே பெரும்பகுதியை வாங்கிக்கொண்டால் கடைசியில் விரலுக்கு மிச்சம் கொஞ்சம்தான். அந்த மிச்சத்தை ரொம்பக் குறைத்துவிட்டால் நினைக்காதபோது வெடிக்கும், கோச் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் டிரிகர் திருகாணியைத் திருகுங்கள். பலம் வேண்டுமென்று விரலை உள்ளே தள்ளி மூட்டு மடிப்பில் வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு, இழுப்பு எளிதாகும், ஆனால் பக்கவாட்டில் போகும், எனவே விரல் நுனிச் சதையிலேயே வையுங்கள். கிளப் துப்பாக்கி ஒவ்வொரு ஷாட்டுக்கும் கையால் நெம்பிக் காற்றை அழுத்துகிற வகை என்றால், உங்கள் கை அங்கேயே களைத்துவிடும், காற்றுச் சிலிண்டர் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். பிஸ்டலைத் தூக்கிப் பத்து விநாடிக்குள் ஷாட் வரவில்லையா, கௌரவம் பார்க்காமல் இறக்கி வைத்துவிடுங்கள்.

இடது கைக்கு மாறியவர் இல்லாமல் இல்லை. ஹங்கேரியின் பிஸ்டல் வீரர் காரோலி தகாச்சுக்கு 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்தது, இடது கையில் பழகி 1948-லும் 1952-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். ஆனால் அவருக்கு வேறு வழி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. இடது கை என்றால் புதுக் கட்டை வேண்டும், குறி பார்க்கும் கண் வலது என்றால் தலையைத் திருப்பி நிற்கப் பழக வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

25 மீட்டர் .22 பிஸ்டல் ஆசையும் இருக்கிறதா? அங்கே டிரிகர் குறைந்தபட்சமே 1000 கிராம், அதாவது நேர் இரட்டிப்பு. அந்தப் பேச்சை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம்.