பிரிபடாத 3 பரப்பு: காணி கேள்வி பதில்

கேள்வி: யாழ்ப்பாணம் கோண்டாவிலில் 6 பரப்பு வளவு ஒன்றில் 'பிரிபடாத சரிபாதி'யை, அதாவது 3 பரப்பை, பரப்பு 20 இலட்சத்துக்குத் தருகிறார்கள். அயலில் 23 இலட்சம் போகிறது. நடுவில் வேலி அடைத்து 20 வருடமாகத் தனியாக ஆள்கிறார்களாம். வாங்கி இரண்டு துண்டாக விற்கலாமா?
வாசகர், இணுவில்

பதில்: அந்த 3 இலட்சம் குறைந்திருப்பது 'பிரிபடாத' என்ற ஒரு சொல்லால்தான். உறுதி (காணிப் பத்திரம்) உங்களுக்குத் தரப்போவது 6 பரப்பு முழுவதிலும் பாதி உரித்து. வேலிக்கு இந்தப் பக்கத்துத் துண்டு என்று அதில் எங்கும் இருக்காது. கூட்டுச் சொந்தக்காரருக்குள் ஒருவர் ஆள்வதை எல்லோருக்குமாக ஆள்வதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மற்றவரின் உரித்தை வெளிப்படையாக மறுத்து ஆண்டதை நிரூபித்தாலொழிய, 10 வருடம் ஆண்டால் காணி சொந்தம் என்ற வாதம் கைகொடுக்காது. மற்றப் பங்காளி வெளிநாட்டில் இருக்கிறார் என்பதற்காக இது மாறாது.

பங்காளிக்கு முதலில் வாங்கும் உரித்தும் உண்டு. தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் அதைக் கூட்டுச் சொந்தக்காரருக்கும், விற்பவரின் உரித்தாளிகளாக வரக்கூடியவர்களுக்கும் வைத்திருக்கிறது. முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் உறுதி முடித்தால், அவர் வழக்குப் போட்டு, காசைத் தந்து காணியை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே முற்பணம் கொடுக்க முன்னர், பங்காளிகள் இருவரும் நில அளவையாளரை வைத்து அளந்து, பிரிவிடல் உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதியட்டும். அதன் பிறகு 30 வருடத்துக்குக் குறையாமல் தோம்பு (பதிவகத்தின் காணிப் பதிவேடு) பாருங்கள். மீளாத ஒற்றியும் ஈடும் (மீட்கப்படாத அடமானங்கள்) அங்கேதான் தெரியவரும். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதனக் காணிகளில் அடிக்கடி விடுபடுவது இதுதான். அற்றோணித் தத்துவத்தில் (சொந்தக்காரருக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) ஒருவர் கையெழுத்திடுகிறார் என்றால், அதைக் கொடுத்தவர் அன்றைய நாளில் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது.

இவ்வளவும் சரிவந்தாலும் கணக்கு இடிக்கிறது. ஒரு பரப்பு 18 குழி, 2,722.5 சதுர அடி. பின்துண்டுக்கு 12 அடி அகலத்தில் 90 அடி ஒழுங்கை விட்டால் 1,080 சதுர அடி, ஏறக்குறைய 7 குழி போய்விடும். விற்கக்கூடியது 2.6 பரப்புத்தான். நீங்கள் கொடுக்கும் விலை 60 இலட்சம். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என 239,000 ரூபா. இப்போதே விற்கக்கூடிய ஒரு பரப்புக்கு உங்கள் செலவு 24 இலட்சம் ஆகிவிட்டது. நொத்தாரிசுக் கட்டணமும் அளவைக் கூலியும் இன்னும் சேரவில்லை. அயல் விலைக்கே இரண்டு துண்டையும் விற்றாலும் 60 இலட்சம் தேறாது. ஒழுங்கை எத்தனை அடி வேண்டும், துண்டு எவ்வளவுக்குக் குறையக்கூடாது என்பதைப் பிரதேச சபையில் கேட்டு, இந்தக் கணக்கை உங்கள் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். இந்த விலைக்கு நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

கேள்வி: ஒன்றரைக் கோடி ரூபா வீடு, மாத வாடகை 40,000. முதலீட்டுக்கு நல்லதா?
வாசகி, நல்லூர்

பதில்: வருடத்தில் ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும் என்று வைத்தால் 440,000 ரூபா; 3 வீதமும் இல்லை. வரியும் வெள்ளையடிப்பும் இதிலிருந்துதான் போகவேண்டும். வாடகையை நம்பி வாங்கவேண்டாம்.

கேள்வி: பங்குக் கிணறு உள்ள காணி. தண்ணீரை எப்படிப் பார்ப்பது?
வாசகர், அரியாலை

பதில்: முதலில் உறுதியில் பாருங்கள். கிணற்றில் பங்கு மட்டும் எழுதிவிட்டு 'வழி வாய்க்கால்' (கிணற்றுக்குப் போகும் பாதையும் தண்ணீர் வரும் வாய்க்காலும்) விடுபட்டிருந்தால், கிணறு இருந்தும் போக வழியில்லை என்ற நிலை வரலாம். எழுதியிருந்தாலும் நடந்து பாருங்கள்; அந்த வழியில் யாராவது மதில் கட்டியிருப்பார்கள்.

தண்ணீரை மாரியில் பார்க்கவேண்டாம். டிசெம்பரில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். செப்டெம்பரில், மழைக்கு முன்னர் பாருங்கள். நம்முடைய சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர் உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டு இருக்கிறது. கூட இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். அதனால் இறைக்க முன்னர் ஒரு போத்தல், ஒரு மணி நேரம் மோட்டர் போட்ட பின் இன்னொரு போத்தல் எடுத்து, இரண்டையும் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். இரண்டாவதில் உப்பு ஏறியிருந்தால் அந்தக் கிணற்றை நம்பி நாலு வீடு கட்ட முடியாது.

நைத்திரேற்றையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க உதவாது, கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. தோட்டப் பசளையும் அயல் வீட்டு மலசலகூடக் குழியும் கல் வெடிப்புகளால் நேரே கிணற்றுக்கு வரும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும்.