நோய் வருவது அவரவர் பழக்கவழக்கத்தால்தானே? அதற்குச் சமுதாயத்தை ஏன் காரணம் சொல்கிறார்கள்?

சமூக மருத்துவம் கற்பிப்பவன் நான். என் மாணவர்களும் இதையேதான் கேட்பார்கள். அவர்களுக்கு முதலில் சொல்வது, லண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த வொயிட்ஹால் பகுதியின் பெயரால் அறியப்படும் ஆய்வைப் பற்றி.

1967-இல் தொடங்கிய அந்த ஆய்வில் சுமார் 18,000 அரசு ஊழியர்கள், எல்லோரும் ஆண்கள். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம் உள்ளவர்கள். சுரங்கத்தில் இறங்குபவர்களோ ஆலைப்புகையில் நிற்பவர்களோ அல்ல. உடம்புக்கு முடியவில்லை என்றால் கட்டணமில்லாத தேசிய மருத்துவச் சேவையும் இருந்தது. அப்படியிருந்தும், கடைநிலையில் இருந்த வாயிற்காவலர்களும் தபால் சுமந்தவர்களும் உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான விகிதத்தில் இதய நோயால் இறந்தார்கள்.

கடைநிலையில் மட்டும் இப்படி என்றால் வறுமை என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் எழுத்தர்களுக்கு ஆபத்து அதைவிட ஒருபடி குறைவு, அவர்களுக்கு மேலிருந்தவர்களுக்கு இன்னும் ஒருபடி குறைவு. நல்ல சம்பளம் வாங்கிய இரண்டாம் நிலை அதிகாரிக்குக்கூட முதல் நிலை அதிகாரியைவிட ஆபத்து அதிகம். என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

பழக்கவழக்கத்துக்கு வருகிறேன். கீழ்நிலையில் புகைபிடித்தவர்கள் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் புகை, இரத்த அழுத்தம், கொலஸ்டிரால் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகும் பாதி வித்தியாசத்துக்குக்கூட விளக்கம் கிடைக்கவில்லை. புகையையே தொடாதவர்களிடமும் அதே ஏற்றத்தாழ்வு. கொலஸ்டிராலோ மேல்நிலை அதிகாரிகளிடம்தான் சற்று அதிகம்!

1985-இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டு இரண்டாவது ஆய்வு தொடங்கியது. அதை வழிநடத்திய மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டின் குழுவினர் அதில் கண்ட முக்கியமான காரணம், தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை. அந்த உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது.

முதல் ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டினார்: இந்த மனிதருக்கு ஏன் நோய் வந்தது? இந்த மக்களிடையே ஏன் இவ்வளவு நோய் இருக்கிறது? முதல் கேள்விக்கான விடை இரண்டாவதற்குப் போதாது. மருத்துவக் கல்வி நம்மை முதல் கேள்விக்கே பழக்குகிறது. இரவெல்லாம் ஏடிஎம் வாசலில் காவலிருந்துவிட்டு வரும் சர்க்கரை நோயாளியிடம் "தினமும் காலையில் நடங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்" என்கிறோம். அறிவுரை சரியானதுதான். ஆனால் அவர் தூங்கும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் நிர்ணயிப்பது அவருடைய ஒப்பந்ததாரர். அந்த வேலைநேரத்தை மாற்ற எந்த மாத்திரையாலும் முடியாது, தொழிலாளர் சட்டத்தால் முடியும்.

இங்கிலாந்தின் உடல்நல ஏற்றத்தாழ்வுகளைப் பற்றி 2010-இல் மார்மட் தந்த அறிக்கை குழந்தைப் பருவம், கல்வி, வேலை, வருமானம், குடியிருப்பு இவற்றைச் சீர்செய்யச் சொன்னது. மாறாக, அடுத்த பத்தாண்டுகளில் உள்ளாட்சிகளுக்கான நிதி வெட்டப்பட்டது. 2020-இல் அவர் மறுபடி கணக்கெடுத்தபோது, மிகவும் பின்தங்கிய பத்தில் ஒரு பங்கு பகுதிகளில் பெண்களின் சராசரி ஆயுள் குறைந்திருந்தது. மருத்துவம் அப்போதும் அங்கே இலவசம்தான்.